மஸ்கெலியா போய் வந்த கதையும் கொஞ்சம் சரித்திரமும்

இது நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் சேமித்து வைத்து இரவில் படியுங்கள்.

பிப்ரவரியில் நாங்கள் ஐந்து பேரும் (நான், சார், மகன், மருமகள், பேரன்) இலங்கை போய் வந்த படங்களைப் போட்டதிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. "டீச்சர், நுவரெலியா டூர் எவ்வளவு ஆச்சு?" "டிராவல்ஸ் நம்பர் கொடுங்க டீச்சர்." நாங்கள் நுவரெலியாவே போகவில்லை, பிள்ளைகளே. போனது மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கே தங்கியது என் பழைய கூட்டாளி வீட்டில். ஐம்பத்தோரு வருடத்துக்குப் பிறகு அவளைப் பார்த்தேன்.

என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு நான் 'சிலோன் டீச்சர்' என்பது தெரியும். மீதிப் பாதிக்கு, குறிப்பாக நான் கடைசிப் பத்து வருடம் வேலை பார்த்த பள்ளிப் பிள்ளைகளுக்கு, தெரிந்திருக்காது. நான் பிறந்தது மஸ்கெலியாவில். 1974 தை மாதம், பன்னிரண்டு வயதில், அப்பா அம்மாவோடு கப்பல் ஏறி இங்கே வந்தேன். என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் இன்றும் மஸ்கெலியா என்றுதான் இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு என் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார்.

இந்தப் பயணம் நடந்ததற்குக் காரணம் உங்களில் ஒருத்திதான். கொளப்பள்ளிப் பக்கம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். அவளுடைய சித்தப்பா குடும்பம் நோர்வூட்டில் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு என்னிடம் தோட்டத்தின் பெயரையும் கூட்டாளியின் அப்பா பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்று வாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது: "ஏ புள்ள, நீ உசுரோட இருக்கியா?" பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நன்றி மட்டும் சொல்லிக்கொள்கிறேன் கண்ணு.

சரி, சரித்திரத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்புப் பாடம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நம் பாடப்புத்தகத்தில் இது ஒரு பத்தி கூட இல்லை என்ற வருத்தம் எனக்கு முப்பத்து நான்கு வருடமும் இருந்தது.

இலங்கை மலைகளுக்கு நம் ஆட்கள் முதலில் போனது தேயிலைக்காக இல்லை, காப்பிக்காக. கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கபிட்டியா என்ற இடத்தில் ஜார்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் காப்பித் தோட்டம் போட்டார். அதற்கு 1823 என்று ஆண்டு சொல்வார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் 2023இல் மலையக மக்கள் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். நடந்தே போனதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், சேலம் பக்கத்து ஜனங்கள் தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காடு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தேதான் போனார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத காடு. காலரா. வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை இன்றும் நம் ஆட்கள் விசேஷமாக நினைப்பது அதனால்தான். காடு முடிந்து உயிரோடு வந்து சேர்ந்த இடம் அது.

காப்பிக்கு வருடம் முழுவதும் வேலை கிடையாது. பழம் பறிக்கும் காலத்துக்குப் போவார்கள், முடிந்ததும் ஊருக்குத் திரும்பி விடுவார்கள். 1869இல் காப்பி இலையில் துரு நோய் விழுந்தது. பத்து இருபது வருடத்தில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. இங்கேதான் நம் கதை திரும்புகிறது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரம் தவறாமல் கொழுந்து கிள்ள வேண்டும். கிள்ளுவதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆகவே போய் வந்துகொண்டிருந்த ஆண்கள் குடும்பத்தோடு போய்த் தங்க ஆரம்பித்தார்கள். ஒரு நோய் வந்து காப்பிச் செடி செத்ததால், லட்சக்கணக்கான ஜனங்கள் இன்னொரு நாட்டு மலையில் நிரந்தரமாகக் குடியேறினார்கள். அரசர்களின் போரை மட்டும் சரித்திரம் என்று நான் உங்களுக்கு நடத்தினேன். ஒரு இலைப்புள்ளியும் சரித்திரம்தான்.

தாது வருஷப் பஞ்சம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876, 77. அந்தப் பஞ்சத்தில் இன்னும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கூட்டிக்கொண்டு போனவர் கங்காணி. அவர் வெளியூர்க்காரர் இல்லை, பெரும்பாலும் நம் ஊர்க்காரர், நம் சொந்தக்காரர். முன்பணம் கொடுப்பார். அந்தக் கடன் தலையில் இருக்கும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. இவர் கடனைக் கட்டினால் வேறு தோட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கும் காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். அடுத்த தோட்டத்துக்காரன் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால் ஆளும் கைமாறும். ஆளை விற்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, கடனைத்தான் மாற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். இந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள்.

என் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவர். அவர் போன காலத்தில் காட்டு வழி நடை இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விட்டு, இந்தப் பக்க ரயிலையும் அந்தப் பக்க ரயிலையும் இணைத்து விட்டார்கள். ஆனால் கூலிக்குப் போகிறவர்கள் மண்டபம் முகாமில் தங்கி, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பல் ஏற வேண்டும். பனைமரமும் மணலும் உள்ள அதே மண்டபம் முகாமில்தான் ஐம்பது வருடம் கழித்து அவர் பிள்ளையும் பேத்தியும் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் வந்து இறங்கினோம். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களையும் அங்கேதான் வைத்தார்கள். மூன்று தலைமுறைத் தமிழர்களின் கண்ணீரைப் பார்த்த முகாம் அது. ராமேஸ்வரம் போகும்போது ரயிலில் தூங்கிவிடாதீர்கள்.

தோட்டத்து வாழ்க்கையை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி 'காம்பரா'. அப்படிப் பத்துப் பன்னிரண்டு காம்பரா ஒரே கூரையில் வரிசையாக இருந்தால் அது லயம். விடியற்காலை தப்பு அடித்துப் 'பெரட்டு'க்குக் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் பரேடு என்பதுதான் பெரட்டு ஆயிற்று. அன்றைய கூலிக்குப் பெயர் 'பேர்'. சொன்ன எடைக் கொழுந்து வரவில்லையென்றால் 'அரைப்பேர்'. ரயிலுக்குக் 'கோச்சி'. கூடலூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் கட்டுரையில் "எங்கள் காம்பராவில் மழை ஒழுகும்" என்று எழுதியிருந்தான். சக ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து 'அறை' என்று திருத்தி வைத்திருந்தார். நான் அந்த நோட்டை வாங்கிப் பக்கத்தில் 'சரி' போட்டேன். அந்தப் பையன் இப்போது திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கிறான். இதைப் படிப்பான்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. தோட்டப் பாடசாலை என்பது ஒரே கூடம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது முதல் வகுப்பு மணலில் எழுதும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் டவுனுக்கு நடக்க வேண்டும். எங்கள் லயத்தில் ஐந்துக்கு மேல் போன பெண் பிள்ளைகள் இரண்டே பேர், என் கூட்டாளியும் நானும். தோட்டப் பள்ளிகளை 1977க்குப் பிறகுதான் அரசாங்கம் படிப்படியாக எடுத்தது. ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒரே அறையில் இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு நான் அலுத்துக்கொள்ளாமல் நடத்தியதைப் பார்த்து ஆய்வுக்கு வந்தவர்கள் ஆச்சரியப்பட்டதுண்டு. பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொண்டதில்லை அது. ஐந்து வயதிலேயே பார்த்தது.

இனி முக்கியமான இடம்.

1931இல் இலங்கையில் எல்லோருக்கும் ஓட்டு வந்தபோது, ஒரு பகுதித் தோட்டத்து ஜனங்களுக்கும் வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். அடுத்த வருடமே, 1948இல், சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பாவோ தாத்தாவோ இங்கே பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? ஒரே அடியில் பெரும்பாலானோர் குடியுரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். குடியுரிமை போனதால் ஓட்டும் போயிற்று. 1949இல் இன்னொரு சட்டம் போட்டு, விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போட்டு, கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்கள் இலங்கைக்கும் இல்லை, இந்தியாவுக்கும் இல்லை. 'நாடற்றவர்' என்ற சொல்லே அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது.

1964 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியையும் 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். கணக்குப் பாடம் எடுத்தவள் நான், கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. அந்த எண்ணிக்கையில் இருந்த ஒருவரையும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் கணக்கில் வராதது. மலையகத் தலைவர்களைக் கூட உட்கார வைத்துப் பேசவில்லை.

பிறகு படிவம் கொடுத்தார்கள். எந்த நாடு வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். 1970 ஏப்ரல்தான் கடைசி. வேடிக்கை என்னவென்றால், இலங்கைக்கு ஒதுக்கியது மூன்று லட்சம், விண்ணப்பித்தவர்கள் அதைப் போல இரு மடங்கு. இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கைக்கு ஆளே சேரவில்லை.

எங்கள் காம்பராவும் கூட்டாளியின் காம்பராவும் ஒட்டியவை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் சம்பல் அரைத்தால் அந்தப் பக்கம் வாசனை போகும். ரத்த சொந்தம் கிடையாது. ஆனாலும் அவள் அப்பா எனக்குப் பெரியப்பா, அம்மா பெரியம்மா. லயத்தில் எல்லோருக்கும் முறை உண்டு. என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே பெரட்டுக்களத்தில் நின்றவர்கள், இருவருமே மஸ்கெலியாவில் பிறந்தவர்கள், இருவருமே இந்தியாவைப் பார்த்ததில்லை. படிவம் வந்தபோது இரண்டு பேரும் இலங்கைக்கே போடுவோம் என்று பேசி வைத்திருந்தார்கள். தாத்தா விடவில்லை. "துறையூர் மண்ணுல என் கட்டை வேகணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். அப்பா பெற்றவர் பேச்சைத் தட்டத் தெரியாதவர். பெரியப்பா இலங்கைக்குப் போட்டார், அப்பா இந்தியாவுக்குப் போட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நான்கு மாதம் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.

தாத்தா 1972இல் இறந்துவிட்டார். இந்தியா போக ஆசைப்பட்ட ஒரே ஆள் தோட்டத்து மண்ணில் புதைந்தார். போக ஆசைப்படாத நாங்கள் ஐந்து பேரும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நின்றோம். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நாள் வந்ததும் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

அட்டன் ஸ்டேஷனில் எங்களை ஏற்றிய கோச்சிக்கு ஜனங்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. செத்த வீட்டில் பாடும் அதே ஒப்பாரி. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல். இதற்கு மேல் அதை நான் எழுதப் போவதில்லை.

போன மாதம் அதே அட்டன் ஸ்டேஷனில் இறங்கினோம். கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ரயில், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் ஏறுகிறது. கம்பளை, நாவலப்பிட்டி தாண்டியதும் மலைச்சரிவு முழுக்கப் பச்சை. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் கதவில் தொங்கிப் படம் எடுத்தார்கள். பேரன், "பாட்டி, நம்ம ஊட்டி மாதிரியே இருக்கு" என்றான். இருக்காதா பின்னே? இரண்டு மலையையும் ஒரே கை நட்டது.

அட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மவுஸ்ஸாக்கலை அணை கட்டி முடித்து, பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போயிற்று. அறுபதுகளின் கடைசி. இப்போது இருப்பது புது டவுன். கடும் வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலின் கட்டுமானம் வெளியே தெரியும், ஜனங்கள் போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வருவார்களாம். நாங்கள் போனபோது நீர் நிறைய இருந்தது. சார் மட்டும் கரையில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோயமுத்தூர்க்காரர். நான் சொன்ன கதையெல்லாம் நிஜம்தானா என்று நாற்பது வருடச் சந்தேகம் அவருக்கு.

கூட்டாளி லயத்தில் இல்லை. லயத்துக்குக் கீழே ஏழு பேர்ச் நிலத்தில் கட்டிக் கொடுத்த தனி வீட்டில் இருக்கிறாள். வாசலில் நின்றாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றோம். உள்ளே இருந்து பெரியம்மா சத்தம்: "வாசல்லயே நிக்க வச்சிட்டியா? தேத்தண்ணி ஊத்து." பெரியம்மாவுக்கு எண்பத்தேழு வயது. கண் மங்கல், காது கூர்மை, ஞாபகம் அதைவிடக் கூர்மை.

நான்கு நாளும் சாப்பாடும் பேச்சும்தான். ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு வந்து வைத்தார்கள். என் மருமகள் இரண்டாம் ரொட்டிக்குக் கண்ணில் நீர் விட்டுக்கொண்டே மூன்றாவது கேட்டாள். ராத்திரியில் தூரத்தில் சிவனொளிபாத மலை ஏறும் பாதையில் விளக்கு வரிசை தெரிந்தது. மலை ஏறும் பருவம். சின்ன வயதில் நானும் கூட்டாளியும் லயத்து வாசலில் உட்கார்ந்து அந்த விளக்கை எண்ணுவோம். பேரனும் அவள் பேத்தியும் எண்ணினார்கள். ஒத்துவரவில்லை.

நாங்கள் போன பிறகு அவர்களுக்கு நடந்ததைப் பெரியம்மா துண்டு துண்டாகச் சொன்னார்கள். நாங்கள் கிளம்பிய அந்த 1974தான் தோட்டங்களில் பஞ்சம். மாவு ரேஷன் குறைந்தது, வேலை நாள் குறைந்தது. கிழங்கும் இலையும் அவித்துத் தின்றார்கள், டவுனுக்குப் போய்க் கையேந்தினார்கள், செத்தும் போனார்கள். பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1977இல் கலவரம். கூட்டாளியின் அண்ணன் பயந்துபோய் வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறப் போனவர்களோடு போனார். 81இல் மறுபடி, 83இல் மறுபடி. அண்ணன் பிறகு என்ன ஆனார் என்று பெரியம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சுவரில் அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கவில்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

கூட்டாளியின் நீல நிற ஏரோகிராம் எனக்குக் கடைசியாக வந்தது 1983 மே மாதம். அதற்குப் பிறகு நான் போட்ட மூன்று கடிதத்துக்குப் பதில் இல்லை. ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. ஜூலையில் அவர்கள் லயத்தை விட்டு ஓடி, வேறு தோட்டத்தில் சொந்தக்காரர் காம்பராவில் எட்டு மாதம் இருந்திருக்கிறார்கள். என் முகவரி எழுதிய நோட்டு அந்த ஓட்டத்தில் போயிற்று.

இதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று. பெரியப்பா இலங்கைதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாரல்லவா? அந்த விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை. ஒதுக்கிய எண்ணிக்கையைவிட விண்ணப்பம் அதிகம் என்று சொன்னேனே, அந்த அதிகத்தில் இவர்களும் ஒரு குடும்பம். அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது 1988 சட்டத்துக்குப் பிறகுதான். அப்போது என் கூட்டாளிக்கு இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். அதுவரை அவள் எந்த நாட்டுக்காரியும் இல்லை. பெரியப்பா முதன்முதலாக ஓட்டுப் போட்டபோது அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. விடுபட்டுப் போனவர்களுக்காக 2003இல் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கதையை அவர்கள் கேட்டார்கள். நானும் மறைக்கவில்லை. மண்டபத்தில் இறங்கியதும் கொடுத்த அட்டையில் எந்த ஊரில் என்ன தொழில் என்று எழுதியிருந்தது. கடை வைக்கக் கடன் என்று அனுப்பப்பட்டவர்கள் கடை வைக்கத் தெரியாமல் நடுத்தெருவில் நின்றார்கள். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். 1968இல் தமிழக அரசு தாயகம் திரும்பியவர்களுக்காகவே நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்திருந்தது, இப்போதைய டான்டீ. கூடலூர்ப் பக்கம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. மறுபடி லயம், மறுபடி கொழுந்து. முதல் நாள் காலையில் மலையைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்கள்: "இதுக்கா கப்பல் ஏறி வந்தோம்?" அங்கே எங்களை 'கள்ளத்தோணி' என்றார்கள், 'இந்தியாக்காரன்' என்றார்கள். இங்கே 'சிலோன்காரன்' என்றார்கள். சாதிச் சான்றிதழுக்காக நான் ஒரு அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன். ஏழாவது தடவை அங்கிருந்தவர், "உங்களை யாரும்மா வரச் சொன்னது?" என்றார். அந்தச் சான்றிதழ் கிடைத்ததால்தான் ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது, உங்களுக்கு நான் டீச்சர் ஆனேன்.

இரண்டாம் நாள் ராத்திரி என் மகனும் கூட்டாளியின் மகனும் இதை வைத்தே ஒரு வாக்குவாதம் போட்டார்கள். யார் எடுத்தது நல்ல முடிவு? என் மகன் இன்ஜினியர், அவள் மகன் கொழும்பில் கடையில் வேலை. என் மகன் தாத்தா செய்ததுதான் சரி என்றான். அந்தப் பிள்ளை அமைதியாகச் சொன்னான்: "அண்ணே, உங்க தாத்தா ஆயா லயத்துலதானே செத்தாங்க? எங்க தாத்தாவும் லயத்துலதான் செத்தாரு." எவனும் பேசவில்லை. என்னைக் கேட்டால், முடிவு என்று ஒன்று அந்த இரண்டு பேர் கையில் இருந்ததாகவே நான் நினைக்கவில்லை. டெல்லியில் எண்ணைப் பிரித்துவிட்டு, எந்த எண்ணில் சேருகிறாய் என்று மட்டும் இவர்களைக் கேட்டார்கள்.

1953 கணக்கெடுப்பில் இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 9,74,000, அதாவது நாட்டில் 12 சதவீதம். 2012இல் சுமார் 8,40,000, 4 சதவீதம் சொச்சம். அறுபது வருடத்தில் பெருக வேண்டிய ஜனம் குறைந்திருக்கிறது. ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். அங்கே மீந்தவர்களுக்கு ஓட்டுப் பலமும் பாதியாயிற்று. இதைக் கூட்டாளிதான் சொன்னாள். "நீங்க எல்லாம் இருந்திருந்தா எங்களுக்கு இன்னும் நாலு எம்பி இருந்திருப்பாங்க." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னாள்.

மூன்றாம் நாள் தாத்தா புதைத்த இடத்துக்குப் போனோம். தோட்டத்து மயானம் பாதி காடாகிவிட்டது, பாதியில் தேயிலை ஏறிவிட்டது. கல் எதுவும் இல்லை. ஒரு சவுக்கு மரத்தை அடையாளம் வைத்திருக்கிறார்கள். பெரியப்பா இருந்தவரை வருடா வருடம் ஆடி அமாவாசைக்கு அங்கே போய் விளக்கு வைப்பாராம். அப்பாவோடு நான்கு மாதம் பேசாமல் இருந்த மனிதர். துறையூரிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் மண் கொண்டு போயிருந்தேன். விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போனது. அதை அந்த மரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன்.

கிளம்பும் நாள் காலையில் பெரியம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். "உங்க பசுவுக்குக் கணக்குச் சொல்லணும்" என்றார்கள். எனக்குப் புரியவில்லை. நாங்கள் கிளம்பும்போது எங்கள் பசுவை அவர்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். எனக்கு அந்தப் பசுவின் நெற்றிச் சுழி மட்டும் ஞாபகம். அப்பா, "வித்து வை, ஆள் வந்தா குடுத்தனுப்பு" என்று சொன்னாராம். ஆள் யாரும் போகவில்லை. பசு ஆறு கன்று போட்டிருக்கிறது. முதல் கன்றை 1974லேயே விற்று மாவும் அரிசியும் வாங்கியிருக்கிறார்கள். "உங்கம்மா பசு பால் குடுக்கலேன்னா அந்த வருசம் சின்னவ பொழைச்சிருக்க மாட்டா" என்று கூட்டாளியின் தங்கையைக் காட்டினார்கள். மற்றக் கன்றுகள் எந்த வருடம், யாருக்கு, என்ன விலை, ஒன்று செத்தது, ஒன்று களவு போனது என்று எல்லாவற்றையும் விரல் மடக்கிச் சொன்னார்கள். அரைமணி நேரம். சொல்லி முடித்துவிட்டு முந்தானையிலிருந்து ஐயாயிரம் ரூபாய் எடுத்து என் கையில் வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. கூட்டாளி பின்னால் நின்று கண்ணைக் காட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அந்த வீட்டு மருமகள் இன்னும் கொழுந்துக்குப் போகிறாள். 2025இல் நாங்கள் போனபோது ஒரு நாளைக்கு 18 கிலோ கிள்ள வேண்டியிருந்தது, 1,350 ரூபாய். ஒரு கிலோ அரிசியும் ஒரு தேங்காயும் வாங்கினால் எவ்வளவு மீறும் என்று அவள் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். சம்பள உயர்வுக்கு எத்தனை வருடப் போராட்டம் என்றும் சொன்னாள். இந்தப் பக்கமும் பெரிதாகப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. டான்டீ நஷ்டம் என்று 2022இல் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவு வந்தது. ஓய்வு பெற்றவர்கள் லயத்தை விட்டு எங்கே போவது என்ற கேள்வி உங்களில் பலர் வீட்டிலேயே இருக்கிறது. சேரங்கோடு, நெல்லியாளம் பிள்ளைகள் என்னிடம் அதைத்தான் போனில் பேசுகிறீர்கள்.

கூட்டாளி வாழ்க்கையில் முதன்முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அறுபத்து மூன்று வயதில். கிடைத்ததும் வருகிறேன் என்றிருக்கிறாள். கூடலூரையும் எங்கள் அப்பா அம்மாவைப் புதைத்த இடத்தையும் பார்க்க வேண்டுமாம். அவள் இன்னொன்றும் கேட்டாள். நாங்கள் வந்த கப்பலின் சீட்டு, மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, அந்தக் காலத்துப் பாஸ்போர்ட் இவற்றை அவள் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டுக் காகிதங்கள் ஒரு மழையில் போய்விட்டன. கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கப் பிள்ளைகள் உங்கள் தாத்தா பாட்டி பெட்டியில் தேடிப் பாருங்கள். இருந்தால் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்கூட.